இழைப்புளி கற்றுத் தந்த பொறியியல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)

 

நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பதினைந்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். எனக்கு முன்னால் பேசியவர்கள் மின்சார வாகனத்தைப் பற்றியும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் மிக அருமையாகப் பேசினார்கள். நான் பேச வந்திருப்பது மரவேலையைப் பற்றி. அதிலும் மின்சாரமே இல்லாமல் உளி, இழைப்புளி, ரம்பம், கொட்டாப்புளி கொண்டு கையால் செய்கிற மரவேலை. "இவன் எதற்கு இங்கே?" என்று யாராவது நினைத்தால் அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இதில் நம் கல்லூரிக்கும் ஒரு சேதி இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலாண்டுப் பட்டறை

நாம் எல்லோரும் பிரிவு வித்தியாசம் இல்லாமல் புழங்கிய ஓர் இடம் இந்தக் கல்லூரியில் உண்டு. கேன்டீனைச் சொல்லவில்லை. முதலாண்டு ஒர்க் ஷாப்பைச் சொல்கிறேன். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் யாராக இருந்தாலும் அங்கே கார்ப்பென்டரி பகுதியில் நின்றே ஆக வேண்டும். ஒரு கட்டையைக் கொடுத்து, இழைத்துச் சதுரமாக்கி, டீ-லாப், டவ்டெயில், மார்ட்டிஸ் அண்டு டெனன் என்று மூன்று இணைப்புகள் செய்யச் சொல்வார்கள். இடைவெளியை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தவர்கள் இந்த அரங்கில் யாரும் இல்லை என்று நம்புகிறேன். (சிரிப்பு)

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்ததும் அந்தப் பாடம் முடிந்தது. 2010-ல் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கிக்கொண்டு போனேன். அன்று முதல் வாகன உதிரி பாகங்கள் வடிவமைப்பதுதான் தொழில். காலையில் திரையைத் திறந்தால் சாயங்காலம் மூடுகிறேன். நான் வரைந்த வரைபடத்தின்படி பாகங்கள் லட்சக் கணக்கில் வெளியே போகின்றன. அவற்றில் ஒன்றுகூட என் கையால் செய்தது இல்லை. இது குறையா என்று கேட்டால், இல்லை. தொழிலின் அமைப்பே அப்படி. ஆனால் ஒரு பொருளை முதலிலிருந்து கடைசி வரை நம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை முப்பது வயதைத் தாண்டியதும் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு மட்டுமல்ல, என் வயதுக்காரர்கள் பலரிடம் பார்க்கிறேன். ஒருவர் மாடித்தோட்டம் போடுகிறார், ஒருவர் மிருதங்கம் கற்கிறார். எனக்கு வாய்த்தது மரம்.

2021-ம் வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை சென்னையை எப்படிப் புரட்டிப் போட்டது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் கதவு சாத்த முடியவில்லை. அசோசியேஷனில் ஓர் ஆசாரியை வரவழைத்தோம். எழுபதை நெருங்கும் வயது, மாயவரம் பக்கத்துக்காரர். தோள் பையிலிருந்து மரத்தால் ஆன பழைய இழைப்புளி ஒன்றை எடுத்தார். உடம்பு மரம், நடுவில் இரும்புத் தகடு, அதை இறுக்க ஓர் ஆப்பு, அவ்வளவுதான். எங்கள் கதவின் ஓரத்தில் நாலு தரம் இழைத்தார். தேக்கு சுருள் சுருளாக வந்து விழுந்தது. என் மகள் அதை ஒவ்வொன்றாக எடுத்து வளையல் போலக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"ஐயா, நான் ஒரு தடவை தள்ளிப் பார்க்கலாமா?" என்றேன்.

"தாராளமா. ஆனா தள்ளாதீங்க தம்பி. மரத்தைத் தொட்டுக்கிட்டே போங்க" என்றார்.

வேலை முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சொல்லித் தர முடியுமா, அதற்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். "காசு வாங்கிக்கிட்டுச் சொல்லித் தர்றதுக்கு நான் என்ன காலேஜா நடத்தறேன்?" என்றார். (சிரிப்பு, கைதட்டல்) கடைசியில் அவருடைய ஒரு நாள் கூலி என்று பேசி முடித்தோம். "தை பிறக்கட்டும், ஆரம்பிச்சுக்கலாம்" என்றார். அப்படியே 2022 தை மாதம் ஆரம்பித்தோம்.

கூர் என்பது என்ன?

முதல் இரண்டு மாதம் மரத்தையே தொடவில்லை. உளியைத் தீட்டுவதிலேயே போயிற்று. மாணவர்களுக்கு இது அலுப்பாகத் தோன்றும். ஆனால் கைக்கருவி வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

பொறியாளன் பாஷையில் சொன்னால், கூர் என்பது இரண்டு சமதளங்கள் சந்திக்கும் கோடு. ஒரு தளம் உளியின் சரிவு, இன்னொன்று அதன் முதுகு. சரிவை மட்டும் தீட்டி முதுகைக் கரடாக விட்டால் கோடு கிடைக்காது, பல்தான் கிடைக்கும். ஆகவே முதலில் முதுகைக் கல்லில் சமப்படுத்த வேண்டும். பிறகு சரிவு. வழக்கமாக 25 பாகையில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுவார்கள். அந்த 5 பாகை வித்தியாசம் எதற்கு? ஒவ்வொரு தடவையும் முழுச் சரிவையும் தேய்க்க வேண்டாம், நுனியில் ஒரு மெல்லிய பட்டையைத் தேய்த்தால் போதும். மறுபக்கம் மெல்லிய பிசிறு ஒன்று சுருண்டு எழும். விரலால் தடவினால் தெரியும். அது முனை முழுக்க வந்துவிட்டால் இரண்டு தளமும் சந்தித்துவிட்டன என்று அர்த்தம். முதுகுப் பக்கம் கல்லில் படுக்க வைத்து ஒரு இழுப்பு. பிசிறு போய்விடும், கூர் நிற்கும்.

ஆசாரி ஐயாவுக்கு 25-ம் தெரியாது, 30-ம் தெரியாது. நான் கோணமானியைக் கையில் எடுத்தபோது, "அதை ஓரமா வைங்க. கல்லுல படியுதா பாருங்க. படிஞ்சா சத்தமே மாறும்" என்றார். உண்மைதான், மாறுகிறது. கூர் வந்துவிட்டதா என்று பார்க்க உளியின் முனையை வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். மழுங்கிய முனையில் ஒளி பட்டு வெள்ளைக் கோடாகத் தெரியும். கூரான முனையில் ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் ஒளி பட்டுத் திரும்ப அங்கே இடமே இல்லை. செலவில்லாத பரிசோதனைக் கூடம்!

இழைப்புளியும் அப்படித்தான். ஜப்பானில் கெசுரோகாய் என்று ஒரு கூடல் நடக்கிறது. யார் மிக மெல்லிய சுருள் எடுக்கிறார்கள் என்று போட்டி போட்டு இழைப்பார்கள். 10 மைக்ரானுக்கும் குறைந்த சுருள்கள் அங்கே சாதாரணம். நம் தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. தீட்டிய இரும்பும் பழகிய கையும்தான்.

இன்னொரு விஷயம். மர இழைப்புளியில் ஆழத்தைக் கூட்டத் தகட்டின் தலையில் தட்ட வேண்டும், குறைக்க உடம்பின் பின்பக்கம் தட்ட வேண்டும். இதைத் திருகாணியால் செய்ய வழி கண்டவர் அமெரிக்காவில் லெனார்ட் பெய்லி. அவருடைய காப்புரிமைகளை 1869-ல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்று கடையில் நீங்கள் வாங்கும் இரும்பு இழைப்புளி பெரும்பாலும் அதே அமைப்புதான். ஏறத்தாழ 150 வருஷமாகப் பெரிய மாற்றம் தேவைப்படாத ஒரு வடிவமைப்பு! வருஷத்துக்கு ஒரு மாடல் போடும் துறையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அது பொறாமையாகத்தான் இருக்கிறது.

மழைக்கு ஒரு நூல்

அடுத்த பாடம் மரம். எஃகை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறத்தாழ ஒரே குணம். மரம் அப்படியல்ல. நார் ஓடும் திசையில் ஒரு குணம், அதற்குக் குறுக்கே வேறு குணம். நாரோடு போனால் இழைப்புளி வழுக்கிக்கொண்டு போகும்; எதிர்த்துப் போனால் நாரைப் பிய்த்துப் பொறுக்குத் தட்டும். "மாட்டு முதுகைத் தடவுற மாதிரி தம்பி. மயிர் படுக்கிற பக்கம் தடவினா அதுக்கும் சுகம், உங்களுக்கும் சுகம்" என்பார். வேம்பு, வாகை மாதிரி மரங்களில் நார் மாறி மாறிப் பின்னிக் கிடக்கும். அங்கே எந்தப் பக்கம் போனாலும் ஒரு பட்டை பிய்யப் பார்க்கும். கூரும் பொறுமையும் இரட்டிப்பாக வேண்டும்.

மரத்துக்கு மரம் குணம் வேறு என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. வண்டிக்கும் ஏருக்கும் கருவேலம், தஞ்சாவூர் வீணைக்குப் பலா, கறிக்கடைக் கட்டைக்குப் புளி, செட்டிநாட்டு வீடுகளின் தூணுக்கும் நிலைக்கும் பர்மாத் தேக்கு. நாம் மூன்றாம் பருவத்தில் 'மெட்டீரியல் செலக்‌ஷன்' என்று படித்ததை ஊர்த் தச்சர்கள் பெயர் வைக்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

இனி நான் சொல்லப் போவது இந்த நாலு வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. சின்ன அலமாரி ஒன்று செய்தோம். கதவுக்குச் சுற்றிலும் சட்டம், நடுவில் ஒரு அடி அகலத்தில் தேக்குப் பலகை. பலகையைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டக் கூடாது; சட்டத்தின் உள்பக்கம் காடி வெட்டி, அதில் பலகையைச் சும்மா செருக வேண்டும். எவ்வளவு இடம் விடுவது என்று கேட்டேன். "மழைக்கு ஒரு நூல் விடுங்க" என்றார்.

இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன்: தச்சர் கணக்கில் ஒரு இஞ்சுக்கு 8 நூல். ஒரு நூல் என்றால் 3 மில்லிமீட்டரும் கொஞ்சமும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மரத்தின் உயிரணுச் சுவர்களில் ஊறியிருக்கும் நீர் குறையும்போதுதான் மரம் சுருங்கும். ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அது ஆரம்பிக்கிறது. பச்சைத் தேக்கு முற்றிலும் காய்ந்தால் ஆரத் திசையில் 2.5 சதவீதம் சுருங்கும். வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம். நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் இடையே வீட்டுக்குள் இருக்கும் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5.8-ஐ 30-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் முக்கால் சதவீதத்துக்குச் சற்று மேல். 300 மில்லிமீட்டர் அகலத்துக்கு 2.3 மில்லிமீட்டர். நூல் கணக்கில் கிட்டத்தட்ட முக்கால் நூல்!

மறு ஞாயிறு இதை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "கணக்குப்படி முக்கால் நூல்தான் வருது ஐயா. மீதி கால் நூல் எதுக்கு?"

"ஐப்பசியில அடைமழை பெஞ்சா?" என்றார்.

தோழர்களே, நாலு வருஷம் இந்தக் கல்லூரியில் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' என்று எழுதி எழுதிப் பரீட்சையில் தேறினோம். அதை மூன்றே வார்த்தையில் கேட்டது அன்றுதான். (கைதட்டல்)

இந்த விஷயத்தை நம் தர நிர்ணயமும் கவனிக்காமல் இல்லை. ஐ.எஸ். 287 என்ற தர ஆவணம், காற்றின் ஈரத்தை வைத்து நாட்டை நாலு மண்டலமாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் எந்த வேலைக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று சொல்கிறது. படித்தவன் கையில் அது அட்டவணை. அவர் கையில் அது ஒரு நூல். இரண்டும் ஒரே உண்மைதான். ஆனால் அட்டவணை அச்சில் இருக்கிறது, நூல் அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். டேப்பை எடுத்தாலே அவருக்குப் பிடிக்காது. "அதை உள்ள வைங்க. இந்தக் கட்டையை அந்தக் கட்டை மேல வச்சுக் கோடு போடுங்க" என்பார். பென்சிலால் அல்ல, கத்தி முனையால். தொழிற்சாலையில் பத்தாயிரம் போல்ட்டில் எதை எடுத்தாலும் பத்தாயிரம் நட்டில் எதிலும் பொருந்த வேண்டும். அங்கே எண் இல்லாமல் முடியாது. ஒரே ஒரு அலமாரியில் இந்த நாக்கு இந்தத் துளைக்குள் பொருந்தினால் போதும். நடுவில் எண் எதற்கு? எண்ணாக மாற்றும்போது ஒரு பிழை, எண்ணிலிருந்து திரும்ப மாற்றும்போது இன்னொரு பிழை. எந்த இடத்தில் அளக்க வேண்டும், எந்த இடத்தில் அளக்க வேண்டாம் என்று தெரிவதும் பொறியியல்தான்.

புதுச்சேரிக்கு வந்த ஒரு கட்டிடக் கலைஞர்

வயது வந்த பிறகு உளி பிடித்தவன் நான் ஒருவன்தானா? எனக்குத் தைரியம் தந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜார்ஜ் நகாஷிமா, 1905-ல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். எம்.ஐ.டி.யில் கட்டிடக் கலை படித்தவர். டோக்கியோவில் அன்டனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞரிடம் வேலை பார்த்தார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்காக ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியின் கட்டுமானப் பணிக்காக 1937-ல் நம் பக்கத்துப் புதுச்சேரிக்கு வந்தார். இரண்டு வருஷம் ஆசிரமத்தில் தங்கினார். சுந்தரானந்தா என்று ஆசிரமத்தில் அவருக்குப் பெயர் சூட்டினார்கள். அந்தக் கட்டிடம் இன்றும் இருக்கிறது.

அமெரிக்கா திரும்பினார். உலகப் போர் வந்தது. 1942-ல் அங்கிருந்த ஜப்பானிய வம்சாவளியினரைக் கூட்டம் கூட்டமாக முகாம்களில் அடைத்தார்கள். மனைவி, கைக்குழந்தையோடு இவரும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெந்தாரோ ஹிகோகாவா என்ற மரபுவழிப் பயிற்சி பெற்ற ஜப்பானியத் தச்சரைச் சந்தித்தார். எம்.ஐ.டி. பட்டதாரி, முப்பத்தேழு வயதில், முள்வேலிக்குள், கிடைத்த துண்டுக் கட்டைகளை வைத்து அந்தத் தச்சரிடம் கைக்கருவி வேலை கற்றார். 1943-ல் ரேமண்ட் பொறுப்பேற்றதால் விடுதலையாகி, பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் தங்கி, மரச்சாமான் செய்வதையே வாழ்நாள் தொழிலாக்கிக்கொண்டார். 1964-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்தும் வடிவமைத்துக் கொடுத்தார். 1990-ல் மறைந்தபோது உலகம் அறிந்த பெயர்.

அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது புகழ் அல்ல. படித்தவரும் தச்சரும் வெளியே அவரவர் உலகத்தில் இருந்திருந்தால் ஒருவர் காலடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்களா என்பது சந்தேகம். முகாம் அவர்களைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது. நமக்கு அப்படி ஒரு கொடுமை நடக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பிழைப்பும் பொழுதுபோக்கும்

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆகா, கைத்தொழிலே உயர்வு, இயந்திரம் வேண்டாம்" என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இது பொழுதுபோக்கு. அவருக்கு அது பிழைப்பு. இரண்டுக்கும் இடையே நிறைய தூரம் இருக்கிறது. எட்டு மணி நேரம் நின்று இழைத்தால்தான் ராத்திரி உலை வைக்க முடியும் என்ற நிலை எனக்கு இல்லை. தோள் வலித்தால் நான் நிறுத்திக்கொள்ளலாம். அவர் ஐம்பது வருஷம் நிறுத்த முடியாமல் இழைத்தவர்.

அவருடைய மகன் பிளைவுட்டில் மாடுலர் கிச்சன் செய்கிறார். நல்ல வேலைக்காரர், நல்ல வருமானம். "அவன் மெஷின்ல ஒரு நாள்ல முடிக்கறதை நான் நாலு நாள் இழைப்பேன். அவன் பண்றதுதான் தம்பி சரி" என்று அப்பாவே சொல்கிறார். அதில் கசப்பு இல்லை, பெருமைதான். ஆனால் ஒரு நாள் கல்லில் உளியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க இதைக் கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? என் பையனுக்கே இது வேண்டாம்னு ஆயிடுச்சே." என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை.

போன வருஷம் அவருடைய ஊர்க் கோயில் சப்பரத்தில் ஒரு வளைவுச் சட்டம் உளுத்துப் போயிற்று. கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த இணைப்பை எப்படி வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இப்போது வலது கை நடுங்குகிறது. கட்டையின் மறுமுனையைப் பிடித்து அவர் சொல்கிறபடி வெட்ட அந்த ஊரில் ஓர் ஆள் இல்லை. கடைசியில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடித்தார்கள். திரும்பி வந்து, "சப்பரம் ஓடுது இல்ல, போதும்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தப் போல்ட்டில் குற்றம் ஒன்றுமில்லை; தாங்கும். ஆனால் வெட்டத் தெரிந்த கை ஒன்று இருந்தும், அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை இல்லை. ஒரு வித்தை முடிவது இப்படித்தான். எந்த அறிவிப்பும் இல்லை. ஒரு நாள் போல்ட் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் இழைக்கிற ஒரு பொறியாளன் இதைக் காப்பாற்றிவிட முடியாது. ஆனால் ஒன்று செய்ய முடியும். இத்தனை காலம் நாம் தச்சரிடம் பொருளுக்குத்தான் காசு கொடுத்தோம். அவருக்குத் தெரிந்ததற்குக் காசு கொடுத்ததில்லை. பொருள் விலையில் பிளைவுட்டோடு அவரால் போட்டி போட முடியாது. தெரிந்ததற்கு விலை வைத்தால் அவரோடு போட்டி போட யாரும் இல்லை.

ஆரம்பிக்க விரும்புகிறவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறையக் கருவி வேண்டாம். ஒரு இழைப்புளி, கால், அரை, ஒரு இஞ்சில் மூன்று உளி, டெனன் ரம்பம், மூலைமட்டம், மார்க்கிங் கேஜ், கொட்டாப்புளி, இரு பக்கமும் உபயோகிக்கும் ஓர் ஆயில் ஸ்டோன். புதிதாகவே வாங்க வேண்டும் என்பதும் இல்லை. காயலாங்கடைகளில் பொறுமையாகத் தேடினால் ஷெஃபீல்டு முத்திரை போட்ட பழைய உளிகூடக் கிடைக்கும். துருவைப் பார்க்காதீர்கள், முதுகில் ஆழமான குழி இல்லாமல் இருந்தால் போதும்.

பழகுவதற்குத் தேக்கு வேண்டாம். தொழிற்சாலைகளில் இறக்குமதிப் பெட்டிகளைப் பிரிக்கும்போது வரும் பைன் கட்டை போதும். அடுக்குமாடியில் இருக்கிறோமே என்று தயங்கவும் வேண்டாம். கை இழைப்புளிக்குச் சத்தம் குறைவு, மிஷினைப் போலத் தூசியும் பறக்காது. மரத்தூசி சின்ன விஷயம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கீழே விழும் சுருளைப் பெருக்கி அள்ளிவிடலாம், காற்றில் மிதக்கும் தூளை அப்படி அள்ள முடியாது.

வீடியோ பார்த்துக் கற்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். ஆனால் உங்கள் முழங்கை தூக்கிக்கொண்டிருக்கிறது என்று வீடியோ சொல்லாது. பக்கத்தில் நிற்கிற ஆள்தான் சொல்வார்.

ஒரு வேண்டுகோள்

கல்லூரிக்கு ஒரு சேதி என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதற்கு வந்துவிட்டேன்.

காலையில் பழைய பட்டறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். கார்ப்பென்டரி பெஞ்சுகள் அப்படியே இருக்கின்றன. வைஸ்கள் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கின்றன. முதலாண்டு வகுப்பு நடக்கும் நாள் போக மற்ற நேரத்தில் பூட்டிக் கிடப்பதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் அதைத் திறந்து வைக்க முடியுமா என்று முதல்வர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் வேண்டாம், ரெக்கார்டு நோட்டு வேண்டாம். விருப்பமுள்ள பன்னிரண்டு மாணவர்கள் போதும். ஒரு பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு முக்காலி செய்து வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.

சொல்லித் தருவதற்கு இந்த ஊரிலேயே வேலை செய்கிற வயதான தச்சர்களை அழைப்போம். தினக்கூலி ஆளாக அல்ல. வெளியிலிருந்து வரும் சிறப்புப் பேராசிரியருக்கு என்ன மரியாதை, என்ன மதிப்பூதியமோ அதே மரியாதை, அதே ஊதியம். கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரும் 'ஆசிரியர்' என்ற பத்தியில் இருக்க வேண்டும். அவர் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும், இணைப்பின் பெயரையும் கணக்கையும் மாணவர்கள் எழுதிவைக்கட்டும், படம் பிடிக்கட்டும். 'மழைக்கு ஒரு நூல்' அச்சில் வரட்டும்.

முதல் வருஷத்து ஊதியத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் வருஷத்திலிருந்து சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொருளாளர் அவர்களைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன். அவர் சிரிக்கிறார், சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். (சிரிப்பு)

ஆசாரி ஐயாவிடமும் கேட்டேன், முதல் இரண்டு வாரம் வந்து தொடங்கி வைப்பீர்களா என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "கை நடுங்குது தம்பி, வெட்டிக் காட்ட முடியாது. வாயால சொல்றேன், பசங்க வெட்டட்டும்" என்றார். கை போய்விட்டாலும் கண்ணும் சொல்லும் இருக்கின்றன. எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி. அதனால்தான் அடுத்த வருஷம் என்று தள்ளிப் போட வேண்டாம், இந்தப் பருவத்திலேயே ஆரம்பிக்கலாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மாணவச் செல்வங்களே, பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள். பையில் ஒரு துண்டுத் தேக்கும் இழைப்புளியும் கொண்டுவந்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு சுருள் எடுத்துப் பார்க்கலாம்.